உருளைக்கிழங்குப் பானையும் இரண்டு கதிர்களும்: பவுஸ்தீனாவின் காட்சிகளை எப்படிப் புரிந்துகொள்வது?

கேள்வி இது: "எங்கள் வீட்டில் இறை இரக்க ஆண்டவர் படம் இருக்கிறது. அம்மா தினமும் பிற்பகல் மூன்று மணிக்கு இறை இரக்கச் செபமாலை சொல்கிறார். அந்தப் படத்தை வரையச் சொன்ன பவுஸ்தீனா என்ற கன்னியர் யார்? அவர் கண்டதெல்லாம் உண்மையா, அல்லது மனநலம் சரியில்லாத ஒருவரின் கற்பனையா? திருச்சபையே ஒரு காலத்தில் இதைத் தடை செய்ததாமே?"

பலரும் படத்திலிருந்து தொடங்குவார்கள். நான் ஒரு சமையலறையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பவுஸ்தீனாவின் நாட்குறிப்பைப் படித்தவரை அவரைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல வாசல் எனக்குக் கிடைக்கவில்லை.

நவகன்னியராக, அதாவது மடத்தில் பயிற்சிக் காலத்தில், இருந்தபோது அவரைச் சமையல் வேலைக்கு விட்டார்கள். பானைகள் மிகப் பெரியவை. உருளைக்கிழங்கு வெந்ததும் தண்ணீரை வடிக்க வேண்டும், அதுதான் அவருக்கு முடியாத வேலை. வடிக்கும்போது சில நாள் பாதிக் கிழங்கும் தண்ணீரோடு சேர்ந்து கொட்டிவிடும். நவகன்னியர் பொறுப்பாளரிடம் போய்ச் சொன்னார், "போகப் போகப் பழகிவிடும்" என்ற பதில் வந்தது. பழகவில்லை. உடம்பு நாளுக்கு நாள் தளர்ந்துகொண்டே போனது. வடிக்கும் நேரம் வந்தால் மெல்ல ஒதுங்கிக்கொள்வார், மற்ற சகோதரிகள் அதைக் கவனித்துவிட்டார்கள். ஒரு நாள் நண்பகல், தன் மனச்சான்றை ஆராயும் ஆன்ம சோதனையின்போது, தன்னால் முடியவில்லை என்று கடவுளிடம் முறையிட்டார். "இன்று முதல் நீ இதை எளிதாகச் செய்வாய், நான் உனக்கு வலுத் தருவேன்" என்று உள்ளுக்குள் கேட்டது. அன்று மாலை முதல் ஆளாக ஓடிப்போய்ப் பானையைத் தூக்கினார். தண்ணீர் ஒழுங்காக வடிந்தது. ஆவி போகட்டும் என்று மூடியைத் திறந்தால், உள்ளே கிழங்கு இல்லை. கொத்துக் கொத்தாகச் சிவப்பு ரோஜா. "உன் கடின உழைப்பை அழகான மலர்க்கொத்துகளாக மாற்றுகிறேன், அவற்றின் மணம் என் அரியணைவரை எழுகிறது" என்ற குரலையும் கேட்டதாக எழுதுகிறார். அன்று முதல் அந்த வேலையைத் தன் முறை வராத நாளிலும் தேடிப் போய்ச் செய்தார்.

இதை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் காட்சி எங்கே வந்தது, வந்த பிறகு என்ன நடந்தது என்பதைப் பாருங்கள். அடுத்த வேளை வேலையை இன்னும் மனசோடு செய்யத்தான் அந்தக் காட்சி அவரை அனுப்பியது. இனிச் சொல்லப்போகும் எல்லாக் காட்சிகளையும் நான் இந்தக் கண்ணோடுதான் படிக்கிறேன்.

அவருடைய இயற்பெயர் ஹெலெனா கோவால்ஸ்கா. 1905 ஆகஸ்ட் 25ஆம் தேதி போலந்தில் குவோகோவியெட்ஸ் என்ற கிராமத்தில் பிறந்தார், அப்போது அந்தப் பகுதி ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்தது. அப்பா தச்சர், கொஞ்சம் நிலமும் உண்டு. பத்துப் பிள்ளைகளில் இவர் மூன்றாவது. பள்ளிக்கூடம் போனது மூன்று ஆண்டுக்கும் குறைவு. பதினாறு வயதிலேயே அடுத்தவர் வீட்டு வேலைக்குப் போனார். மடத்தில் சேர வேண்டும் என்று கேட்டபோது பெற்றோர் மறுத்துவிட்டார்கள். அதற்கு அப்புறம் அந்த ஆசையைத் தானே அமுக்கிவைத்தார், மற்ற பெண்களைப் போல உடுத்தவும் கொண்டாட்டங்களுக்குப் போகவும் தொடங்கினார்.

1924இல் வூச் நகரில் ஒரு நடன நிகழ்ச்சிக்குத் தங்கையோடு போயிருந்தார். எல்லோரும் ஆடிக்கொண்டிருக்க, தன் பக்கத்தில் இயேசு நிற்பதைக் கண்டார். ஆடை களையப்பட்டு, உடம்பெல்லாம் காயத்தோடு. "எவ்வளவு காலம் உன்னைப் பொறுத்துக்கொள்வேன்? எவ்வளவு காலம் நீ என்னைத் தள்ளிப்போடுவாய்?" என்று கேட்டார். இசை நின்றதுபோல இருந்தது. ஹெலெனா தலைவலி என்று சொல்லித் தங்கை பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பிறகு யாருக்கும் தெரியாமல் நழுவி, புனித ஸ்தனிஸ்லாஸ் கோஸ்கா பேராலயத்துக்குப் போய் நற்கருணை முன் முகங்குப்புற விழுந்தார். உடனே வார்சாவுக்குப் போ என்ற கட்டளை அங்கேதான் கிடைத்தது. உடுத்தியிருந்த துணியோடு ரயிலேறினார். அந்த ஊரில் அவருக்கு யாரையும் தெரியாது.

மடம் மடமாகக் கதவைத் தட்டினார். படிப்பில்லாத வேலைக்காரப் பெண்ணை யாரும் எடுக்கவில்லை. கடைசியில் இரக்கத்தின் அன்னை சபைச் சகோதரிகள் இருந்த மடத்தில், அன்னை மிக்கேலா மொராச்செவ்ஸ்கா அவரைப் பார்த்துப் பேசிவிட்டு, "இந்த வீட்டுத் தலைவரிடமே போய்க் கேள், உன்னை ஏற்றுக்கொள்கிறாரா என்று" எனச் சிற்றாலயத்துக்கு அனுப்பினார். ஹெலெனா போய்க் கேட்டார், "ஏற்றுக்கொள்கிறேன்" என்று பதில் வந்ததாகத் திரும்பி வந்து சொன்னார். அப்படியும் உடனே சேர முடியவில்லை. மடத்துக்குக் கொண்டுவர வேண்டிய துணிமணிக்காக இன்னும் ஓராண்டு வீட்டு வேலை செய்து பணம் சேர்த்தார். 1925 ஆகஸ்ட் 1ஆம் தேதி உள்ளே வந்தார். 1926இல் துறவற உடையோடு மரிய பவுஸ்தீனா என்ற பெயரையும் பெற்றார்.

வழிதவறிய பெண்களுக்கும் ஆதரவில்லாத பெண்களுக்கும் புகலிடம் நடத்துவது அந்தச் சபையின் பணி. அங்கே படித்த சகோதரிகள் ஒரு பிரிவு, கைவேலை செய்யும் சகோதரிகள் இன்னொரு பிரிவு. பவுஸ்தீனா இரண்டாவது பிரிவு. பதின்மூன்று ஆண்டுத் துறவற வாழ்வில் அவர் பெரும்பாலும் பார்த்த வேலைகள் மூன்று: சமையல், தோட்டம், வாயில் காவல். அவரோடு வாழ்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு அவர் காட்சி காண்பவர் என்றே தெரியாது. லேசாகத் தெரிந்த சிலர் அவரைப் பித்துப் பிடித்தவர் என்றும், நோய் என்று நடிக்கிறார் என்றும் பேசினார்கள். உண்மையில் அது காசநோய்.

இப்போது படத்துக்கு வருவோம். 1931 பிப்ரவரி 22, ஞாயிறு மாலை, புவோட்ஸ்க் நகர மடத்தில் தன் அறையில் இருந்தபோது வெள்ளை அங்கியில் இயேசுவைக் கண்டார். ஒரு கை ஆசி வழங்க உயர்ந்திருந்தது. மற்றொரு கை மார்பருகே அங்கியைத் தொட்டிருந்தது. அங்கிருந்து இரண்டு பெரிய கதிர்கள் புறப்பட்டன, ஒன்று சிவப்பு, ஒன்று வெளிறியது. "நீ காண்கிறபடி ஒரு படம் வரை, 'இயேசுவே, உம்மில் நம்பிக்கை வைக்கிறேன்' என்று கீழே எழுது" என்பது கட்டளை. பாஸ்கா விழாவுக்கு (ஈஸ்டருக்கு) அடுத்த ஞாயிறு இரக்கத்தின் பெருவிழாவாக வேண்டும் என்பதும் சேர்ந்தே வந்தது. பவுஸ்தீனாவுக்கு வரையத் தெரியாது. பாவசங்கீர்த்தனத்தில் குருவிடம் சொன்னார். "உன் ஆன்மாவில் வரைந்துகொள்" என்று அவர் சொல்லிவிட்டார். நல்ல ஆன்மிக அறிவுரைதான். ஆனால் வெளியே வந்ததும், கேட்டது அதுவல்ல என்று அவருக்கு மறுபடியும் உணர்த்தப்பட்டது.

அந்தக் கதிர்கள் எதைக் குறிக்கின்றன என்பதைப் பின்னர் விளக்கமாகப் பெற்றார்: வெளிறிய கதிர் ஆன்மாக்களைத் தூய்மையாக்கும் தண்ணீர், சிவப்புக் கதிர் ஆன்மாக்களின் உயிரான இரத்தம். யோவான் நற்செய்தியின் 19ஆம் அதிகாரத்தில் ஈட்டியால் குத்தப்பட்ட விலாவிலிருந்து வடிந்த அதே இரத்தமும் தண்ணீரும்தான். அதாவது படம் புதிதாக எதையும் கொண்டுவரவில்லை. பெரிய வெள்ளிக்கிழமையில் கேட்கிற வாசகத்தைக் கண்முன் நிறுத்துகிறது, அவ்வளவுதான்.

அடுத்த இரண்டு ஆண்டுகள் எதுவும் நடக்கவில்லை. 1933இல் வாழ்நாள் துறவறத்துக்கான இறுதி வார்த்தைப்பாடு கொடுத்த கையோடு வில்னியுஸ் நகர மடத்துக்கு மாற்றல். அங்கேதான் மிக்கேல் சொபோச்கோ என்ற குரு அவருக்கு ஆன்ம வழிகாட்டியாகக் கிடைத்தார். பல்கலைக்கழகத்தில் இறையியல் கற்பித்தவர், எளிதில் நம்பிவிடுகிற ஆள் இல்லை.

மனநோயா என்று நீங்கள் கேட்டீர்களே, அந்தக் கேள்வியை முதலில் கேட்டவரே சொபோச்கோதான். பவுஸ்தீனா சொன்னதைக் கேட்டதும் அவர் செய்த முதல் வேலைகளில் ஒன்று, மடத்துத் தலைவியிடம் விசாரித்ததும், மனநல மருத்துவர் ஒருவரிடம் பரிசோதனைக்கு அனுப்பியதும். மனநலத்தில் குறையில்லை என்று முடிவு வந்தது. அதற்கு அப்புறமும் அவர் உடனே தலையாட்டவில்லை. காலம் எடுத்துக்கொண்டார், மற்ற அறிஞர்களிடம் கேட்டார். படம் வரைய ஏற்பாடு செய்ததுகூட, காட்சியை நம்பியதைவிட அது எப்படித்தான் இருக்கும் என்று பார்க்கும் ஆவலால் என்று பின்னாளில் அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். இந்த நேர்மைக்காகவே எனக்கு அந்த மனிதரைப் பிடிக்கும்.

அவர் குடியிருந்த அதே கட்டிடத்தில் எவுகேனியுஸ் கசிமிரோவ்ஸ்கி என்ற ஓவியர் இருந்தார். 1934 ஜனவரியில் வேலை தொடங்கியது. பவுஸ்தீனா மடத்துத் தலைவியோடு வாராவாரம் வந்து பார்த்து, இது இப்படி, அது அப்படி என்று சொல்வார். ஓவியரும் பொறுமையாகத் திருத்தினார். எவ்வளவு திருத்தியும், கண்டதற்கும் திரையில் இருந்ததற்கும் வெகு தூரம். ஒரு நாள் படத்தைப் பார்த்துவிட்டு வந்து, சிற்றாலயத்தில் உட்கார்ந்து நெடுநேரம் அழுதார். "உம்மை உம் அழகுக்கு ஏற்றபடி யார் வரைவார்?" என்று கேட்டார். "இந்தப் படத்தின் மேன்மை வண்ணத்தின் அழகிலோ தூரிகையிலோ இல்லை, என் அருளில் இருக்கிறது" என்பதுதான் அவருக்குக் கிடைத்த பதில். 1935 ஏப்ரல் 26 முதல் 28 வரை, பாஸ்காவுக்கு அடுத்த ஞாயிறோடு முடிந்த மூன்று நாட்கள், வில்னியுஸில் விடியலின் வாயில் என்று அழைக்கப்படும் மாதா திருத்தலத்தில் அந்தப் படம் முதல்முறையாக மக்கள் முன் வைக்கப்பட்டது.

உங்கள் வீட்டுப் படம் பெரும்பாலும் இது அல்ல. நம் ஊர் வீடுகளிலும் ஆலயங்களிலும் அதிகம் காணக் கிடைப்பது அடோல்ஃப் ஹிவா என்ற ஓவியர் 1940களில் கிராக்கோவில் வரைந்த படமும் அதைப் பார்த்து வரைந்தவையும். இரண்டாம் உலகப் போரில் தன் குடும்பம் தப்பியதற்கு நேர்ச்சையாக அவர் வரைந்தார். பவுஸ்தீனா அதைப் பார்த்ததே இல்லை, அப்போது அவர் உயிரோடு இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: ஹிவாவின் இயேசு நம்மை நேராகப் பார்க்கிறார், கசிமிரோவ்ஸ்கியின் இயேசு கண்ணைத் தாழ்த்தியிருக்கிறார். "இந்தப் படத்திலிருந்து நான் நோக்கும் பார்வை சிலுவையிலிருந்து நோக்கிய பார்வை" என்று நாட்குறிப்பில் ஒரு வரி உண்டு. சிலுவையில் இருப்பவர் கீழேதானே பார்ப்பார். மூலப் படத்தின் கதையே ஒரு தனிப் பாடு. சோவியத் காலத்தில் பெலாரூசில் நோவா ருதா என்ற சிற்றூர் ஆலயத்தில் முப்பது ஆண்டு போலக் கிடந்தது. அதில் பல ஆண்டு அந்த ஆலயமே பூட்டிக் கிடந்தது. 1986இல்தான் வில்னியுஸுக்குத் திரும்பியது.

அம்மா சொல்லும் செபமாலை 1935 செப்டம்பரில் வில்னியுஸ் மடத்தில் பிறந்தது. தண்டனையை நிறைவேற்றப் புறப்பட்ட ஒரு வானதூதரைக் கண்டு, உலகுக்காக மன்றாடத் தொடங்கினார் பவுஸ்தீனா. தன் சொந்த வார்த்தைகள் எடுபடவில்லை. உள்ளுக்குள் கேட்ட சொற்களைச் சொன்னபோதுதான் தூதரின் கை தளர்ந்தது. மறுநாள் அதை மணிகளில் சொல்லும் முறை தெரிவிக்கப்பட்டது. "நித்திய பிதாவே…" என்று தொடங்கி, "எங்கள் மீதும் உலகம் முழுவதின் மீதும் இரக்கமாயிரும்" என்று பத்துப் பத்தாகப் போகிறோமே, அதுதான். "என் மீது" என்று ஓரிடத்திலும் வராது, கவனித்திருக்கிறீர்களா? சாகக் கிடப்பவர் அருகில் இதைச் சொல்லச் சொல்கிறது நாட்குறிப்பு. என் அப்பாவின் கடைசி இரவில் பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் யாரும் கூப்பிடாமலே வந்து, கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து இதைத் தொடங்கினார். அழுதுகொண்டிருந்த நாங்கள் ஒவ்வொருவராக மறுமொழி சொல்ல ஆரம்பித்தோம். சொல்ல வேறு எதுவும் இல்லாத நேரத்தில் வாயில் வைக்க அந்த வரி இருந்தது. பவுஸ்தீனாவைத் தேடிப் படிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

மூன்று மணி என்பது பின்னால் வந்தது, 1937 அக்டோபரில், கிராக்கோவில். இயேசு உயிர்விட்ட நேரம். அந்த நேரத்தில் முழுச் செபமாலையும் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டளை நாட்குறிப்பில் இல்லை. முடிந்தால் சிலுவைப்பாதை, முடியாவிட்டால் சிற்றாலயத்தில் ஒரு கணம், அதுவும் முடியாவிட்டால் நிற்கிற இடத்திலேயே ஒரு குறுகிய செபம். வேலைக்காரப் பெண்ணாக இருந்தவரிடம் சொல்லப்பட்டது என்பது இதிலேயே தெரிகிறது. அம்மாவுக்கு ஒரு நாள் பஸ்ஸிலோ ஆஸ்பத்திரி வரிசையிலோ மூன்று மணி ஆகிவிட்டால் அவர் மனம் கலங்க வேண்டியதில்லை என்று சொல்லுங்கள்.

நாட்குறிப்பைப் பற்றி ஒரு தகவல். பாவசங்கீர்த்தன வரிசை நீண்டுபோகிறது என்பதால் எல்லாவற்றையும் எழுதித் தரச் சொன்னவர் சொபோச்கோ. அவர் புனித நாட்டுக்குப் போயிருந்த சமயம், தூதர் போலத் தோன்றிய ஒருவரின் பேச்சைக் கேட்டு, எழுதியதை எல்லாம் பவுஸ்தீனா தீயில் போட்டுவிட்டார். திரும்பி வந்த குரு, எரித்ததையும் மறுபடி எழுது, நடப்பதையும் எழுது என்றார். அதனால்தான் ஆறு நோட்டுப் புத்தகங்களிலும் காலம் முன்னும் பின்னுமாகக் கிடக்கிறது. எழுத்துப்பிழை நிறைய, நிறுத்தக்குறி குறைவு. காட்சி என்று வந்ததை எல்லாம் நம்பிவிடக் கூடாது என்ற பாடத்தை அவர் கற்றது இப்படித்தான், தான் ஏமாந்ததையும் மறைக்காமல் விட்டிருக்கிறார். சொல்லப்பட்ட எதையும் ஆன்ம குருவும் தலைவியும் அனுமதிக்காமல் அவர் செய்ததில்லை. அவர்கள் வேண்டாம் என்றால் அவர்களுக்கே கீழ்ப்படி என்று இயேசுவே சொன்னதாகவும் எழுதுகிறார். போலிக் காட்சியாளர்களிடம் இந்தக் குணத்தைப் பார்ப்பது அரிது.

காசநோய் முற்றி, 1938 அக்டோபர் 5ஆம் தேதி இரவு கிராக்கோவின் வாகியெவ்னிகி மடத்தில் இறந்தார். வயது 33.

தடை விஷயம் உண்மைதான். போர்க்காலத்தில் போலந்துப் போர்வீரர்களும் அகதிகளும் இந்தப் பக்தியை உலகெங்கும் கொண்டுபோனார்கள். 1959 மார்ச்சில் வத்திக்கான் திருப்பேராயம், பவுஸ்தீனா முன்வைத்த வடிவில் உள்ள படங்களையும் எழுத்துகளையும் பரப்பக் கூடாது என்று அறிவித்தது. ரோமில் இருந்தவர்கள் கையில் மூல ஆவணங்கள் இல்லை. நாட்குறிப்பின் பிரதிகளும் மொழிபெயர்ப்புகளும் பிழை மலிந்தவை. போலந்து கம்யூனிச ஆட்சியில் இருந்ததால் மூலத்தை வரவழைத்துச் சரிபார்ப்பதும் எளிதில்லை. சொபோச்கோ முணுமுணுக்காமல் பொறுத்திருந்தார். 1975இல் இறந்தார், தடை நீங்கியதைப் பார்க்கவில்லை. இந்தப் பணி ஒரு காலத்தில் முற்றிலும் அழிந்ததுபோல ஆகும், பிறகு கடவுள் செயல்படுவார் என்று பவுஸ்தீனா எழுதி வைத்திருந்தது அவருக்குத் தெரியும்.

இதற்கிடையில் 1965இல் கிராக்கோவில், பேராயர் கரோல் வோய்திவாவின் காலத்தில், பவுஸ்தீனாவின் புனிதர் பட்டத்துக்கான விசாரணை தொடங்கியது. போர்க்காலத்தில் வோய்திவா சொல்வே தொழிற்சாலையில் கூலியாக வேலை பார்த்தவர், வாகியெவ்னிகி மடம் அதற்குப் பக்கத்தில்தான். இறையியல் அறிஞர் இக்னாசி ருசிட்ஸ்கி மூல நாட்குறிப்பை ஆண்டுக்கணக்கில் அலசினார். 1978 ஏப்ரலில் வத்திக்கான் தடையை நீக்கியது. அதே ஆண்டு அக்டோபரில் வோய்திவா இரண்டாம் யோவான் பவுல் ஆனார். 1993இல் பவுஸ்தீனாவுக்கு அருளாளர் பட்டம் (புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி), 2000 ஏப்ரல் 30இல் புனிதர் பட்டம். பாஸ்காவுக்கு அடுத்த ஞாயிறு அன்றே உலகத் திருச்சபை முழுவதற்கும் இறை இரக்க ஞாயிறாக அறிவிக்கப்பட்டது. அந்தத் திருத்தந்தை 2005இல் இறந்ததும் இறை இரக்க ஞாயிறின் முந்தைய இரவில்தான்.

ஆகத் தடை தவறா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. கையில் இருந்த பிழையான தாள்களை வைத்துப் பார்த்தால் கவனமாக இருந்ததே சரி. மூலம் கிடைத்ததும் அதைப் படித்து மாற்றிக்கொண்டதும் சரி. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: புனிதர் பட்டம் கொடுத்ததால் ஒவ்வொரு காட்சியையும் விசுவசித்தே தீர வேண்டும் என்று திருச்சபை சொல்லவில்லை. இவை தனி வெளிப்பாடுகள். கிறிஸ்துவில் நிறைவடைந்த வெளிப்பாட்டுக்கு இவை எதையும் கூட்டுவதில்லை, அதை வாழத் துணை செய்கின்றன என்றுதான் மறைக்கல்வி நூல் சொல்கிறது. பவுஸ்தீனாவின் நரகக் காட்சியை மட்டும் கத்தரித்து, பயமுறுத்தும் வீடியோவாகச் சுற்றவிடுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் கஷ்டப்படுகிறது. அந்தக் காட்சி நாட்குறிப்பில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அறுநூறுக்கும் மேற்பட்ட பக்கங்களில் திரும்பத் திரும்ப வருவது, எவ்வளவு பெரிய பாவியானாலும் என்னிடம் வர அஞ்சாதே என்ற அழைப்புதான்.

நாட்குறிப்பை வாங்கினால் முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்க முயலாதீர்கள், பாதியில் விட்டுவிடுவீர்கள். உருளைக்கிழங்குப் பத்தியைப் படியுங்கள், எண் 65. அப்புறம் 1312ஐப் படியுங்கள். கிராக்கோவில் வாயில் காவலில் இருந்தபோது, குளிரும் மழையுமான ஒரு நாள், ஓர் ஏழை இளைஞன் வந்து நிற்கிறான். கிழிந்த உடை, வெறுங்கால், தலையில் ஒன்றுமில்லை. சூடாக ஏதாவது கேட்கிறான். சமையலறையில் ஏழைகளுக்கென்று எதுவும் மிஞ்சவில்லை. தேடிப் பார்த்ததில் கொஞ்சம் சூப் கிடைக்கிறது. அதைச் சூடாக்கி, ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக் கொடுக்கிறார். அவன் குடித்துவிட்டுக் குவளையைத் திருப்பித் தரும்போதுதான் அவன் யார் என்று தெரிகிறது. மறுகணம் ஆளைக் காணோம். வாயிலைத் தாண்டிப் போகும் ஏழைகள் வாழ்த்துவது தன் காதில் விழுந்ததாகவும், கீழ்ப்படிதலின் எல்லைக்குள் நின்று அவர் காட்டிய இரக்கம் பிடித்துப்போனதால் அதைச் சுவைத்துப் பார்க்கவே இறங்கி வந்ததாகவும் இயேசு பிறகு சொன்னார் என்று பவுஸ்தீனா எழுதியிருக்கிறார்.